மாண்டவர்க்கு மண் மறுக்கும் சட்டம்

காட்கோபரிலிருந்து மான்கூர்த் நோக்கிச் செல்லும் இணைப்புச் சாலைக்கு அருகே, மும்பை மாநகரம் 1927ஆம் ஆண்டு முதல் கொட்டிவந்த குப்பை மலையாக உயர்ந்து நிற்கிறது. அதுதான் தேவனார். அந்த மலையின் அடிவாரத்தில் சிவாஜி நகர், பைங்கன்வாடி, ரஃபிக் நகர் என்று நெருக்கியடித்த குடியிருப்புகளில் லட்சக்கணக்கான உழைப்பாளிகள் வாழ்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு நகரத்திற்கு வேண்டும். அவர்களுடைய வாக்கும் வேண்டும். அவர்கள் இறந்துவிட்டால் புதைப்பதற்கு மட்டும் நகரத்தில் இடமில்லை.

தேவனார் இடுகாடு நிரம்பிவிட்டது, கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும் என்று கோவண்டி பகுதி மக்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். இருக்கும் இடுகாட்டை ஒட்டிய நிலம், ரஃபிக் நகர் அருகே குப்பைமேட்டைச் சார்ந்த நிலம், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி ஆணிக் கிராமத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிய நிலம் என மூன்று இடங்கள் பேசப்பட்டன. பேச்சு நீண்டதே தவிர, நிலம் வரவில்லை. இறந்தவர்கள் இடம் தேடிச் செவ்வாய்க் கோளுக்கா போவார்கள் என்ற பொருள்பட, 2024 ஜூன் மாதத்தில் தலைமை நீதிபதி தலைமையிலான அமர்வே மாநகராட்சியைக் கடிந்துகொள்ள நேர்ந்தது.

அதே 2024ஆம் ஆண்டில், அதே கிழக்குப் புறநகரில், நிலம் எவ்வளவு விரைவாகக் கைமாறியது என்பதையும் பார்க்க வேண்டும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காகக் காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்ட் ஆகிய இடங்களிலுள்ள மத்திய அரசின் உப்பள நிலம் 255.9 ஏக்கரை வழங்க செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. தேவனார் குப்பைமேட்டு நிலத்திலேயே சுமார் 124 ஏக்கரை அதே திட்டத்திற்கு அளிக்க அக்டோபரில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. அத்திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் 80 விழுக்காட்டுப் பங்கு அதானி குழுமத்தினுடையது. மாநில அரசுக்கு 20 விழுக்காடு மட்டுமே. அங்கே குவிந்து கிடக்கும் சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற, மாநகராட்சியே 2,368 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்பந்தப்புள்ளி கோரியது.

குப்பைமேட்டை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில் பிணம் புதைக்கலாமா என்று ஆராய்வதற்கு ஆண்டுக்கணக்கில் காலம் தேவைப்பட்டது. அந்தக் குப்பைமேட்டின் மீதே தாராவியின் ஏழைகளை உயிரோடு குடியேற்றலாம் என்று முடிவெடுக்க ஓர் அமைச்சரவைக் கூட்டம் போதுமானதாக இருந்தது. பொதுநிலம் மூலதனத்தின் பக்கம் பாயும்போது அதற்கு வளர்ச்சி என்று பெயர். உழைப்பாளி தன் இறந்தவர்களுக்காக அதில் சில சென்ட் கேட்டால் உடனே சட்டம், சுற்றுச்சூழல், நகரத் திட்டமிடல் எல்லாம் ஒருசேர நினைவுக்கு வருகின்றன.

நகரத்தின் பொதுநிலத்திலேயே நிலைமை இதுவென்றால், வனநிலத்தில் கேட்கவே வேண்டாம்.

காடும் இடுகாடும்

இறந்தோரின் இடத்திற்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர்களை எண்ணிப் பார்க்கலாம். இடுகாடு, சுடுகாடு, புறங்காடு. மூன்றிலும் காடு இருக்கிறது. ஊருக்கு வெளியே, உழவுக்கு உட்படாத, எவருடைய பட்டாவிலும் அடங்காத பொதுவெளிதான் காடு. அங்கேதான் ஆடுமாடு மேய்ந்தது, விறகு பொறுக்கப்பட்டது, மாண்டவர் இடப்பட்டனர். காட்டையும் இடுகாட்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அந்த மக்களுக்கு இருந்திருந்தால் மொழியில் இந்தச் சொல் உருவாகியிருக்காது.

பிரித்தது காலனியாதிக்கம். 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் பொதுவெளியை அரசின் சொத்தாக்கின. கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கும் மரம் தேவைப்பட்ட ஓர் அரசு, காட்டில் வாழ்ந்தவரை அத்துமீறியவராகவும், காட்டில் புதைந்தவரைக் கணக்கில் வராதவராகவும் ஆக்கியது. சுதந்திரத்திற்குப் பிறகும் அந்தக் கட்டமைப்பு கலையவில்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், வனநிலத்தில் வனம் சாராத எந்தப் பயன்பாட்டுக்கும் மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாயிற்று. பெரும் சுரங்க நிறுவனம் அந்த அனுமதியை வழக்கறிஞர்களையும் ஆலோசகர்களையும் வைத்துப் பெற்றுக்கொள்ளும். ஒரு மலை ஊராட்சித் தலைவர் தன் ஊர் இடுகாட்டுக்காக அந்தக் கதவைத் தட்டி என்ன ஆகப்போகிறது?

மும்பைத் தொழிலாளி வர்க்கத்திற்கு இந்தச் சட்டத்தின் முகம் பழக்கமானதுதான். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வாழ்ந்த குடிசைவாசிகளை வெளியேற்ற 1997 மே மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான குடிசைகள் தரைமட்டமாயின. நீண்ட போராட்டத்திற்குப் பின் ஒரு பகுதியினருக்குக் காட்கோபரை அடுத்த சாந்திவலியில் வீடு கிடைத்தது. காட்டைக் காப்பாற்றவே இத்தனையும் என்றார்கள். ஆனால் 2022 டிசம்பரில், அதே நீதிமன்றத்தின் அனுமதியோடு, புல்லட் ரயிலுக்காக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சதுப்புநில மரங்களை வெட்ட வழி திறந்தது. வனச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுபோல் கடுமையானது என்று நம்புவோர் இவ்விரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும்.

பதின்மூன்று வசதிகள்

காலனிய அநீதியைத் திருத்தும் முதல் பெரும் முயற்சி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பழங்குடி மக்களின் போராட்டமும், அன்றைய மத்திய அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிகளின் இடைவிடாத வலியுறுத்தலும் சேர்ந்து அச்சட்டத்தைக் கொண்டுவந்தன. அதன் பெருமையில் குறைப்பதற்கு எதுவுமில்லை. ஆயினும் அதில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டும் உரிமையும் கடமையும் அச்சட்டத்திற்காகப் போராடியவர்களுக்கே முதலில் உண்டு.

அச்சட்டத்தின் பிரிவு 3(2), வனநிலத்தை மக்களின் பொதுவசதிகளுக்காக எளிய முறையில் மாற்றித்தர வழி செய்கிறது. மத்திய அரசின் நெடிய அனுமதி நடைமுறை தேவையில்லை. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள். எந்தெந்த வசதிகள் என்றும் சட்டமே பட்டியலிடுகிறது: பள்ளிக்கூடம், மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின் மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள், குளம் முதலிய சிறு நீர்நிலைகள், குடிநீர் வழங்கலும் குழாய்களும், மழைநீர்ச் சேகரிப்பு, சிறு பாசனக் கால்வாய், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சிக் கூடம், சாலை, சமுதாயக் கூடம். மொத்தம் 13.

பிறந்த குழந்தைக்கு அங்கன்வாடி உண்டு. வளர்ந்தால் பள்ளி, நோயுற்றால் மருத்துவமனை, திருமணத்திற்குச் சமுதாயக் கூடம். இந்தப் பட்டியலில் ஒரு மனித வாழ்வே வரிசையாக இருக்கிறது. இறப்பு மட்டும் இல்லை. இடுகாடு பதினான்காவது வசதியாக இடம்பெறவில்லை.

இதைவிட வியப்பான செய்தி, அதே சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. ஒரு சமூகம் அந்தக் காட்டில் வழிவழியாக வாழ்ந்ததற்கு எவற்றையெல்லாம் சான்றாகக் காட்டலாம் என்று விதி 13 கூறுகிறது. மேய்ச்சல் நிலம், பழைய கட்டுமானங்களின் எச்சம், புனித மரங்கள், தோப்புகள் ஆகியவற்றோடு இடுகாடும் சுடுகாடும் அங்கே இடம்பெறுகின்றன. அதாவது, பாட்டனின் கல்லறையைச் சான்றாக வைத்து உரிமை கோரலாம். பேரனைப் புதைக்க அதே இடத்தில் நிலம் கோர வழியில்லை. சான்றாக ஏற்கும் கல்லறையை, வசதியாக ஏற்கச் சட்டத்திற்கு மனமில்லை.

வழக்கமாக அனுபவித்துவந்த பிற மரபுரிமைகள் என்ற பொதுப்பிரிவின்கீழ் இடுகாட்டைக் கோரலாமே என்று சட்டம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். கோரலாம், பழங்குடிக் கிராமங்களில் கோர வேண்டும். ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் அந்த வழியில் செல்ல, 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், வாழ்வாதாரத்துக்குக் காட்டையே சார்ந்து அங்கு வாழ்ந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். கங்காணிகளால் மலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கம்பெனி லயத்தில் பிறந்து, கம்பெனிப் பதிவேட்டில் வெறும் எண்ணாக இருந்து மடிந்த தோட்டத் தொழிலாளியின் வழித்தோன்றல்கள் எந்தப் பத்திரத்தைக் கொண்டு அதை மெய்ப்பிப்பார்கள்?

2023ஆம் ஆண்டு மோடி அரசு வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. பெயரையே இந்தியில் மாற்றியது. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த நெடும்பாதைத் திட்டங்களுக்கு விலக்கு. பாதுகாப்புக் கட்டமைப்புக்கு 10 ஹெக்டேர் வரை விலக்கு. உயிரியல் பூங்கா, வனவிலங்கு சஃபாரி, சூழல் சுற்றுலா வசதிகள் ஆகியவை இனி வனம் சாராத பயன்பாடே அல்ல என்றும் எழுதி வைத்தது. பூங்காக்களுக்கும் சஃபாரிகளுக்கும் உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்காலக் கடிவாளம் போட்டது வேறு செய்தி. ஆட்சியாளர்களின் மனப்போக்கு அதனால் மறைந்துவிடாது. சுற்றுலாப் பயணி சீப்பில் அமர்ந்து புலி பார்ப்பது காட்டுக்கு இயல்பான செயல். அந்தக் காட்டில் உழைத்துச் செத்தவனைப் புதைப்பது காட்டுக்குப் புறம்பான செயல். இதுதான் இன்றைய சட்டத்தின் அறம்.

ஒரே ஆற்றின் கரையில் மூன்று வகை மரணங்கள்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெருந்தொகையினரின் வேர் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. அந்தச் சீமையின் ஆறு தாமிரபரணி. அதன் நீர்பிடிப்பு மலைகளில் இருப்பது மாஞ்சோலை.

அங்கே தேயிலைத் தோட்டம் நடத்திய நிறுவனம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டது: 1863இல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு அது பெற்றது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளிகள் மலையேற்றப்பட்டனர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தார்கள், கொழுந்து பறித்தார்கள், மாண்டார்கள், அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. 2018இல் அந்தப் பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பாகவே, 2024இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் நிறுவனம் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கியது; குடியிருப்புகளைக் காலி செய்ய ஆகஸ்ட் மாதத்தைக் கெடுவாக விதித்தது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்ற வழக்குகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 டிசம்பர் 3 அன்று தள்ளுபடி செய்து, மறுவாழ்வு நடவடிக்கைகளை நிறைவேற்றுமாறு அரசைப் பணித்தது.

உயிரோடிருப்பவர்களின் மறுவாழ்வு பற்றி, போதுமோ போதாதோ, ஏதோ ஒரு திட்டமாவது இருக்கிறது. அவர்கள் விட்டுச்செல்லும் கல்லறைகள் பற்றி? ஏறத்தாழ நூறாண்டு இலாபத்தை மும்பைக்கு அனுப்பிய உழைப்பாளிகளின் எலும்புகள் புலிகள் காப்பகத்திற்குள் இருக்கின்றன. நிறுவனம் வெளியேறிய பின், ஆண்டுக்கொரு முறை பெற்றோரின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றவோ பூ வைக்கவோ மகள் மலையேற வேண்டுமென்றால், சோதனைச் சாவடியில் அனுமதி கேட்கும் வெளியாளாக அவள் நிற்க வேண்டும்.

அதே ஆற்றில், திருநெல்வேலி நகரில், 1999 ஜூலை 23 அன்று நடந்ததை எந்தத் தோழரும் மறந்திருக்க மாட்டார். கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. பெண்களும் ஒரு பச்சிளங் குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர்.

இன்னும் கீழே, அதே தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்புள்ள தொன்மையான இடுகாடு. முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும் அந்த மேட்டை 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 2020ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அதைச் சிறப்புமிக்க ஐந்து தொல்லியல் இடங்களுள் ஒன்றாக அறிவித்தது. அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடித் தளமிட்டு அங்கேயே காட்சியகம் அமைக்கப்பட்டுள்ளது. நல்லது, தமிழரின் தொன்மைக்கு அது மெய்ச்சான்று. அதைக் காப்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் கேள்வி இதுதான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்தவன் வரலாறு என்றால், எண்பது ஆண்டுகளுக்கு முன் அட்டைக்கடியிலும் மலைக்காய்ச்சலிலும் செத்த தேயிலைத் தொழிலாளி வரலாறு இல்லையா? தாழியில் கிடப்பவனுக்குச் சாதி தெரியாது, கூலி பாக்கி தெரியாது, கம்பெனியின் பெயர் தெரியாது. அவனால் யாருக்கும் தொல்லையில்லை. மாஞ்சோலைக் கல்லறையில் கிடப்பவனுக்கு இவை எல்லாம் தெரியும். ஆளும் வர்க்கத்திற்கு வரலாறு தேவைப்படுகிறது. ஆனால் அந்த வரலாறு வாய் திறக்கக் கூடாது.

அமெரிக்காவில் நடந்தது

வனநிலத்திலுள்ள பழைய இடுகாட்டை உள்ளூர் நிர்வாகத்திற்கு மாற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்று சொல்வோர், முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்தையே பார்க்கலாம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள பிளாக் ஹில்ஸ் தேசிய வனத்திற்குள் குடியேறிகளின் காலத்துப் பழைய இடுகாடுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்பதை, நெடுங்காலம் பராமரித்துவந்த உள்ளூர் அமைப்புகளுக்கே உரிமையாக்க 2013இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் அவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. இடுகாட்டுக்கென ஒரு தனி மசோதா! அதனால் காடு அழிந்துவிடும் என்று அங்கே எவரும் அலறவில்லை.

ஆனால் அந்தக் காடு யாருடையது? 1868ஆம் ஆண்டின் லாரமி கோட்டை உடன்படிக்கை பிளாக் ஹில்ஸை லகோட்டா மக்களுக்கே உரியதாக ஏற்றது. 1874இல் தங்கம் தென்பட்டது. 1877இல் மலை பறிக்கப்பட்டது. அந்தப் பறிப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றமே 1980இல் தீர்ப்பளித்தது. எங்களுக்குப் பணம் வேண்டாம், மலை வேண்டும் என்று அம்மக்கள் இன்றுவரை அத்தொகையைத் தொட மறுக்கிறார்கள். அரிசோனாவில் அபாச்சே மக்களின் புனித நிலமான ஓக் பிளாட், 2,400 ஏக்கருக்கும் மேற்பட்ட தேசிய வனநிலம், ரியோ டின்டோ, பிஎச்பி நிறுவனங்களின் செம்புச் சுரங்கத்திற்காக 2014ஆம் ஆண்டின் ராணுவச் செலவினச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட ஒரு பிரிவின் மூலம் மாற்றத்திற்கு உள்ளாக்கப்பட்டது.

ஆகவே வனநிலத்தை மாற்ற முடியுமா என்பது கேள்வியே அல்ல. முடியும், நாள்தோறும் மாற்றுகிறார்கள். எவருடைய பிணத்திற்காக, எவருடைய இலாபத்திற்காக என்பதுதான் கேள்வி.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் சுற்றுச்சூழலின் பெயரால் வருகிறது. இன்று இடுகாடு, நாளை குடியிருப்பு, மறுநாள் விடுதி. காடு சிறுகச் சிறுகக் கரைந்துவிடும் என்கிறார்கள். அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். வன உரிமைச் சட்டம் ஒரு வசதிக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு ஒரு ஹெக்டேர். மாஞ்சோலைக் குத்தகை நிலத்தில் அது மூவாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த இடமும் புதிதாகக் காட்டை வெட்டிப் பெறும் இடமன்று. ஏற்கெனவே கல்லறைகள் இருக்கும் இடம். மழைக்காட்டை மொட்டையடித்துத் தேயிலை நட்டபோது வாய் திறக்காத சட்டம், அதை நட்டவனின் ஆறடி மண்ணில் வந்து காட்டைக் காக்கப் புறப்படுவது சூழலியல் அன்று. அது வர்க்கப் பாரபட்சம்.

இரண்டாம் எதிர்வாதம் இயக்கத்திற்குள்ளிருந்தே வரக்கூடும். பொருள்முதல்வாதிகளுக்குக் கல்லறையில் என்ன வேலை? இது மதத் தலைவர்களின் விவகாரம் அல்லவா? இல்லை. பாரிஸ் நகரின் பெர் லாஷேஸ் இடுகாட்டுச் சுவரின் முன் 1871 மே மாதத்தில் கம்யூன் போராளிகள் 147 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1880 முதல் ஆண்டுதோறும் தொழிலாளர்கள் அங்கே அணிவகுத்தார்கள். 1908இல் அங்கே நினைவுக் கல் பதிக்கப்பட்டது. அந்த இடுகாடு நகராட்சியின் உடைமை. தனியார் உடைமையாக இருந்திருந்தால் அந்தச் சுவர் எப்போதோ இடிக்கப்பட்டிருக்கும். 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்காக வெண்மணி மண்ணில் ஆண்டுதோறும் செங்கொடி உயர்கிறதே, அது எந்த மதச் சடங்கு? இறந்தவர்களின் இடம் என்பது வர்க்கத்தின் நினைவு. அதைப் பறிகொடுத்த வர்க்கம் தன் வரலாற்றைப் பிறர் வாயால் கேட்க வேண்டியதாகும்.

மூன்றாம் எதிர்வாதம்தான் கனமானது. உள்ளாட்சியிடம் ஒப்படைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஊராட்சியே சாதியின் கையிலும் மதவெறியின் கையிலும் இருந்தால்? சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தாரில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் உடலை அவருடைய சொந்த ஊரில் புதைக்க எதிர்ப்பு எழுந்து, உடல் வாரக்கணக்கில் பிணவறையில் கிடந்தது. 2025 ஜனவரி 27 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்து, முடிவில் 20 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேறோர் ஊரின் கல்லறைத் தோட்டத்தில்தான் அவர் புதைக்கப்பட்டார். தமிழ்நாடு மட்டும் விலக்கா? வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், பாதை மறுக்கப்பட்ட தலித் மக்கள், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கிய காட்சியை நாடே பார்த்தது.

எனவே ஒப்படைப்பது மட்டும் போதாது. நிபந்தனைகளோடு ஒப்படைக்க வேண்டும். நிலத்தின் உரிமை உள்ளாட்சியிடம் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். விற்கவோ, குத்தகைக்கு விடவோ, அறக்கட்டளை என்ற பெயரில் தனியாரிடம் தரவோ கூடாது. சாதி, மத வேறுபாடின்றி அங்கு வாழ்ந்த, உழைத்த எவருக்கும் இடம் உண்டு என்பது ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். நடைபாதை உரிமையும் அதோடு சேர வேண்டும். பாதையில்லாத இடுகாடு பாலத்திலிருந்து கயிற்றைத்தான் தொங்கவிடும். எந்த ஊராட்சியாவது ஒரு பிணத்தை மறுத்தால், அன்றே அடக்கம் செய்விக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையதாக வேண்டும். பயன்பாடு மாறினால் நிலம் காட்டுக்கே திரும்ப வேண்டும். இது பொதுவிலிருந்து பொதுவுக்கு நடக்கும் மாற்றம். தாராவியின் பெயரால் நடப்பதற்கு நேர் எதிரானது.

கண்ணியமான அடக்கம் என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2020 மே மாதத்தில், கொரோனா காலத்து பாந்திரா இடுகாட்டு வழக்கில், அறுதியிட்டுக் கூறியது. உரிமை என்று நீதிமன்றம் சொல்லியாயிற்று. நிலமில்லாத உரிமை காகிதத்தில்தான் புதைக்கப்படும்.

செய்ய வேண்டியது

வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2)இல், பதினான்காவது வசதியாக இடுகாடும் சுடுகாடும் சேர்க்கப்பட வேண்டும். இதற்கு ஒரு வரித் திருத்தம் போதும். சஃபாரிக்காகச் சட்டத்தைத் திருத்த நேரம் கண்டுபிடித்த நாடாளுமன்றத்திற்கு இதற்கு நேரமில்லை என்று சொல்ல முகமிருக்காது. இடதுசாரி உறுப்பினர்கள் இதைத் தனிநபர் மசோதாவாகவேனும் முன்வைக்க வேண்டும்.

மாஞ்சோலை முதலிய தோட்டப்பகுதிகளில் உள்ள தொழிலாளர் கல்லறைகளைத் தமிழ்நாடு அரசு கணக்கெடுத்து, எல்லைக்கல் நட்டு, வரலாற்று இடுகாடுகளாக அறிவித்து, மேற்சொன்ன நிபந்தனைகளோடு உள்ளாட்சியின் பொறுப்பில் வைக்க வேண்டும். குத்தகை முடிந்து கம்பெனி கணக்கு முடிக்கும் 2028க்கு முன்பே இது நடந்தாக வேண்டும். மலையை விட்டு இறங்கிய குடும்பங்களுக்குக் கல்லறைக்குச் சென்றுவரும் உரிமை, அதிகாரியின் கருணையாக அல்லாமல், எழுதப்பட்ட உரிமையாக வேண்டும்.

மும்பையில், தேவனார், கோவண்டி மக்களுக்கான இடுகாட்டு நிலத்தை மாநகராட்சி காலவரம்பிட்டு ஒப்படைக்க வேண்டும். எண்ணெய் ஆலையின் மதிலோரத்தில் தள்ளிவிடுவது தீர்வன்று. தாராவித் திட்டத்திற்காக அளக்கப்படும் ஒவ்வொரு பொதுநிலத்திலும், அங்கே குடியேற்றப்படும் மக்களின் இறந்தவர்களுக்கான இடம் எங்கே என்ற கேள்வியைக் காட்கோபர் முதல் முலுண்ட் வரை ஒவ்வொரு கிளையும் எழுப்ப வேண்டும். இது முஸ்லிம்களின் பிரச்சினை, கிறிஸ்தவர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவைக்க மதவெறியர்கள் காத்திருக்கிறார்கள். புதைக்கும் வழக்கமுள்ள தென்தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அது தம் பிரச்சினையும்தான் என்பதை வீடு வீடாகச் சென்று சொல்ல வேண்டியது தமிழ்த் தோழர்களின் பணி.

உழைக்கும்போது லயமும் குடிசையும், உழைப்பு ஓய்ந்தால் வெளியேற்ற ஆணை, மூச்சு ஓய்ந்தால் இடமில்லை என்ற பதில். இந்த மூன்றையும் வழங்குவது ஒரே வர்க்கம். மூன்றையும் எதிர்ப்பதும் ஒரே போராட்டமாகத்தான் இருக்க முடியும்.